வேலையின்மை: சொல்லும் கணக்கும்

‘வேலையின்மை 5 விழுக்காடு’ என்று படித்தவுடன், நூறு பேரில் ஐந்து பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. வேலை என்ற சொல்லுக்குப் பேச்சில் ஒரு பொருள், புள்ளிவிவர அட்டவணையில் வேறு பொருள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் ‘அன்எம்ப்ளாய்மென்ட்’ என்பார்கள். ‘எம்ப்ளாய்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஈடுபடுத்துதல் என்று பொருள்படும் ‘இம்ப்ளிகாரே’ என்ற இலத்தீன் வினை அதன் மூலம். கூலியை மட்டுமே நம்பி வாழ்வோர் பெருகிய பிறகு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ‘அன்எம்ப்ளாய்மென்ட்’ பரவலாக வழங்கத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்களின் ‘ஷோமாஷ்’ இன்னும் சுவையானது. கடும் வெப்பத்தைக் குறிக்கும் ‘கௌமா’ என்ற கிரேக்கச் சொல்லில் வேர்கொண்டு, வெயில் நேரத்தில் ஓய்ந்திருப்பதைக் குறித்த சொல் அது.

தமிழில் ‘வேலையில்லாத் திண்டாட்டம்’ என்பது நெடுநாள் வழக்கு. வேதனையைச் சொல்ல அது நல்ல தொடர்; அளவையைச் சொல்லப் பொருந்தாது. திண்டாடுகிற எல்லோரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. ‘வேலையின்மை’ என்பதே இதற்கு ஏற்ற சொல்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கீழ் 1982இல் நடந்த புள்ளியியலாளர் மாநாடு இதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: வேலை இருக்கக் கூடாது, வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் வருவாய்க்காக ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். தேடிச் சலித்து விட்டுவிட்டவர் வேலையில்லாதவர் பட்டியலிலும் இல்லை. வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த உழைப்புப் படையிலேயே இல்லை.

15 வயதைக் கடந்த 100 பேரில் 57 பேர் வேலையில் இருக்கிறார்கள், 3 பேர் தேடுகிறார்கள் என்று கொள்வோம். உழைப்புப் படை 60 பேர். ஆகவே விகிதம் 5 விழுக்காடு. மூவரில் ஒருவர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்தினால், 59க்கு 2 என்றாகி விகிதம் சுமார் 3.4ஆக இறங்கிவிடும். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் செய்தி நற்செய்தியாகிவிடும். இதனால்தான் வேலையின்மை விகிதத்தைத் தனியாகத் தருவது எனக்கு உடன்பாடில்லை. மக்கள்தொகையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே தர வேண்டும்.

இந்த இரண்டாவது அளவையைத்தான் நாம் ‘வேலைவாய்ப்பு விகிதம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். வாய்ப்பு என்றால் இனிமேல் கிடைக்கக்கூடியது. இங்கே எண்ணப்படுவதோ ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். ‘வேலையில் இருப்போர் விகிதம்’ என்றால் ஐயமே எழாது. வாய்ப்பு என்ற சொல் காலிப் பணியிடங்களுக்கு இருக்கட்டும்.

சமைப்பதும் குழந்தை வளர்ப்பதும் நமக்கு ‘வீட்டு வேலை’. 2013இல் நடந்த அதே புள்ளியியலாளர் மாநாடு அதையும் உழைப்பு என்றே ஏற்றது. ஆனால் ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ செய்வதை மட்டும் தனியே பிரித்து, வேலையில் இருப்போர் கணக்கை அதற்குள் நிறுத்திக்கொண்டது. நாளெல்லாம் வீட்டில் உழைப்பவர் அட்டவணையில் ‘வேலையில் இல்லாதவர்’ ஆவது இப்படித்தான்.

துறைவாரியான எண்களுக்கு வந்தால் ‘தொழில்’ என்ற சொல் இடறுகிறது. மருத்துவமனையில் வண்டி ஓட்டுபவரின் தொழில் ஓட்டுநர்; அவர் சேரும் துறை மருத்துவம். இரண்டுக்கும் வெவ்வேறு பன்னாட்டு வகைப்பாடுகள் உண்டு. ஆகவே முன்னதைத் தொழில் என்றும் பின்னதைத் துறை என்றும் பிரித்தே எழுத வேண்டும். ஒரு துறையின் வேலையின்மை என்பதும் பெரும்பாலும் கடைசியாக அங்கே வேலை பார்த்தவர்களை வைத்தே சொல்லப்படுகிறது. படித்து முடித்து முதல் வேலை தேடும் இளைஞர் எந்தத் துறையின் கணக்கிலும் சேரமாட்டார்.

கணக்கெடுக்கும் வழியும் இரண்டு. வீடுகளில் கேட்டால் ஆட்கள் கிடைப்பார்கள். நிறுவனங்களில் கேட்டால் சம்பளப் பட்டியல் கிடைக்கும். இரண்டு நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர் வீட்டுக் கணக்கில் ஒருவர், நிறுவனக் கணக்கில் இருவர். சொந்தமாகத் தொழில் செய்பவர் சம்பளப் பட்டியலில் வரவே மாட்டார். எனவே நிறுவனக் கணக்குக்குப் ‘பணியிட எண்ணிக்கை’ என்றும், வீட்டுக் கணக்குக்கு ‘வேலையில் இருப்போர் எண்ணிக்கை’ என்றும் தலைப்பிடுவதே சரி.