இன்றியமையாக் கொழுப்பு அமிலம்: படைவீரர் உணவை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

எசென்ஷியல் ஃபேட்டி ஆசிட் என்ற தொடரைத் தமிழில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். சிலர் அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் என்கிறார்கள், சிலர் இன்றியமையாக் கொழுப்பு அமிலம் என்கிறார்கள். அன்றாடப் பேச்சில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. உணவியலில் வேறுபாடு உண்டு. ராணுவ ரேஷனைப் பற்றிப் பேசும்போது அது நன்றாகவே தெரியும்.

முதலில் பொருள். நம் உடல் பெரும்பாலான கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ளும். சோறும் கிழங்கும் சாப்பிட்டாலே கொழுப்பு சேர்வது அதனால்தான். இரண்டை மட்டும் அதனால் செய்ய முடியாது. ஒன்று லினோலெயிக் அமிலம், ஒமேகா-6 குடும்பத்தின் தாய். மற்றொன்று ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஒமேகா-3 குடும்பத்தின் தாய். இரண்டிலும் 18 கரிம அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். முன்னதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள், பின்னதில் மூன்று. அமில முனையிலிருந்து எண்ணினால் 9ஆவது கரிமத்தைத் தாண்டி இரட்டைப் பிணைப்பு போடும் நொதி மனிதரிடம் இல்லை. செடிகளிடம் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டும் ஏதோ ஒரு செடி செய்து, நேராகவோ மீன், முட்டை வழியாகவோ நம் தட்டுக்கு வந்தாக வேண்டும்.

இந்தத் தொடர் பிறந்த இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம். ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து, புரதம், வைட்டமின் எல்லாம் இருந்தும் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, கடைசியில் இறந்தன. நோயுற்ற எலிகளுக்கு லினோலெயிக் அமிலம் கொடுத்தபோது அவை தேறின. 1929இலும் 1930இலும் வெளிவந்த அவர்களது கட்டுரைகளுக்கு முன்பு வரை, கொழுப்பு வெறும் எரிபொருள் என்பதே பொதுவான எண்ணம்.

ஒமேகா-3 தனியாகவும் தேவை என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. பர்ரின் மாணவர் ரால்ஃப் ஹோல்மன் 1982இல் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். வயது 6. வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலின் பெரும்பகுதியை இழந்தவள். நரம்பு வழியாகச் செலுத்தப்பட்ட சத்துக் கலவையில் கொழுப்பாக இருந்தது குசும்பா எண்ணெய். அதில் லினோலெயிக் நிறைய, லினோலெனிக் இல்லாத அளவுக்குக் குறைவு. சில மாதங்களில் கை கால் மரத்துப்போதல், நடக்க முடியாமை, பார்வை மங்கல் எல்லாம் வந்தன. சோயா எண்ணெய்க் கலவைக்கு மாற்றியதும் அவை நீங்கின. அந்தக் குழந்தைக்குத் தன் உணவைத் தேர்ந்தெடுக்கும் வழியே இல்லை. கொடுத்ததுதான் உணவு. படைவீரரின் உணவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மருத்துவக் குறிப்புதான் நினைவுக்கு வரும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். எசென்ஷியல் என்பதன் வேர், ‘இருத்தல்’ எனப் பொருள்படும் எஸ்ஸெ என்ற லத்தீன் சொல். ஒன்று அதுவாக இருப்பதற்குக் காரணமான உட்பொருள் எஸ்ஸென்ஷியா. அங்கிருந்து ஆங்கிலத்தில் இரண்டு கிளைகள். ஒரு கிளை சாரம்: ரோஜா, லவங்கம் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் எசென்ஷியல் ஆயில். இன்னொரு கிளை, இல்லாமல் முடியாது என்ற பொருள். எசென்ஷியல் ஃபேட்டி ஆசிட் இரண்டாவது கிளை. மொழிபெயர்ப்பில் இரண்டும் குழம்பி, நறுமண எண்ணெயை அத்தியாவசிய எண்ணெய் என்று எழுதிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாராவது லவங்க எண்ணெயைச் சமையலுக்கு வாங்கினால் குற்றம் அவர்களுடையதா?

அத்தியாவசியம் வடமொழிச் சொல். கட்டாயம் வேண்டியது என்று பொருள். அத்தியாவசியப் பொருள் என்றால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று நம் காது பழகிவிட்டது. அங்கே முக்கியத்துவம்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் இந்த இரண்டு அமிலங்களும் மற்றவற்றைவிட முக்கியம் என்பதால் இந்தப் பெயர் வரவில்லை. மூளையில் நிறைந்திருக்கும் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் எவ்வளவு முக்கியமானது! ஆனாலும் கறாரான வரையறைப்படி அது இந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் லினோலெனிக்கிலிருந்து உடல் அதைக் கொஞ்சமாவது செய்துகொள்ளும். ‘நீரின்றி அமையாது உலகெனின்’ என்ற குறளில் இருப்பதுதான் இங்கே வேண்டிய பொருள். இன்றி அமையாது, அதாவது அது வந்து சேராவிட்டால் மற்றது நடக்காது. வெளியிலிருந்து வர வேண்டும் என்ற குறிப்பு அந்தத் தொடரிலேயே இருக்கிறது. அதனால் இன்றியமையாக் கொழுப்பு அமிலம் என்பதே சரியான தமிழ் என்பது என் முடிவு. ஒற்று மிகும், பன்மைக்கு அமிலங்கள்.

மற்ற துண்டுகளில் சிக்கல் குறைவு. கொழுப்பு, கொழு என்ற வினையிலிருந்து வந்தது. திமிருக்கும் அதே சொல் என்பதால் உணவில் கொழுப்பு என்றாலே குறைக்க வேண்டியது என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. லினோலெயிக்கும் லினோலெனிக்கும் ஒரே வேர்: லினும் என்றால் ஆளிச் செடி (ஆங்கிலத்தில் ஃப்ளாக்ஸ்), ஓலியம் என்றால் எண்ணெய். தமிழில் ஓர் எழுத்து மாறினால் ஒமேகா-6, ஒமேகா-3 ஆகிவிடும். அச்சில் கவனம் வேண்டும். ஒமேகா கிரேக்க அரிச்சுவடியின் கடைசி எழுத்து. சங்கிலியின் கடைசி முனையிலிருந்து எண்ணினால் முதல் இரட்டைப் பிணைப்பு எத்தனையாவது கரிமத்தில் வருகிறது என்பதே எண். அது குறியீடு, அப்படியே இருக்கட்டும்.

சரி, படைவீரர் எங்கே வருகிறார்? பெங்களூர்த் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் இருக்கிறது. 1780இல் தொடங்கிய படை, அதன் வீரர்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். ராணுவத்துக்கு உணவு வழங்கும் ஆர்மி சர்வீஸ் கோர் மையமும் இந்த ஊரில்தான். அல்சூர், விவேக் நகர் பக்கம் ஓய்வுபெற்ற வீரர்கள் வீட்டுக்குப் போனால் வடக்கே இருந்த நாட்களைப் பற்றிய பேச்சில் மெஸ் சாப்பாடு வராமல் இருக்காது. முதல் வருஷம் கடுகெண்ணெய் வாசனையே பிடிக்கவில்லை என்பார்கள்.

அந்தக் கடுகெண்ணெயைப் பற்றி அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று. நம் சமையலறை எண்ணெய்களான நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றிலும் லினோலெயிக் தாராளமாக இருக்கிறது, லினோலெனிக் கிட்டத்தட்ட இல்லை. தேங்காய் எண்ணெயில் இரண்டுமே பெரிதாக இல்லை. மீன் சாப்பிடாத தமிழ் வீட்டில் ஒமேகா-3 வரும் வழி கீரையும் கொஞ்சம் பருப்பும்தான். கடுகெண்ணெயிலோ லினோலெனிக் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆனால் மரபான கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் என்ற இன்னொன்று 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். எலிகளின் இதயத்தில் அது கொழுப்பாகப் படிந்ததைக் கண்டபின் பல நாடுகள் அதற்கு வரம்பு வைத்தன. கனடாவில் கீத் டவ்னி, பால்டர் ஸ்டெஃபான்சன் இருவரும் எருசிக் குறைந்த ரேப் கடுகு வகைகளை உருவாக்கினார்கள், அவற்றுக்குக் கனோலா என்ற பெயர் 1970களில் வந்தது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நம் கடுகிலேயே எருசிக்கை 2 சதவீதத்துக்குக் கீழே இறக்கிப் பூசா மஸ்டர்ட் 30 என்ற வகையை வெளியிட்டது. தேவையற்ற அமிலம் போயிற்று, இன்றியமையாதது தங்கிவிட்டது.

இதைச் செய்யும் துறை பிளான்ட் பிரீடிங். தமிழில் இதைத் தாவர இனப்பெருக்கம் என்று எழுதினால் பூவும் மகரந்தமும் பற்றிய பாடமாகப் படிக்கப்படும். பயிர்ப் பெருக்கம் என்றால் விளைச்சல் அளவைக் கூட்டுவது போல் ஒலிக்கும். தேர்ந்த பெற்றோரை ஒட்டுக் கலந்து வேண்டிய குணத்தை வரவழைப்பது என்பதால் பயிர் மேம்படுத்தல் என்பது எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. கர்நாடகத்தில் இதற்குக் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு கேழ்வரகு. லட்சுமணையா என்ற பயிர் ஆய்வாளர் இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் கலந்து உருவாக்கிய இண்டாஃப் வகைகள் இந்த மாநிலத்துக் கேழ்வரகு விளைச்சலையே மாற்றின. 2023இல் ராணுவம் சிறுதானிய மாவை மறுபடி ரேஷனில் சேர்த்தது, நல்ல முடிவு. ஆனால் கேழ்வரகில் மொத்தக் கொழுப்பே மிகக் குறைவு. கால்சியத்துக்கு அது உதவும், கொழுப்பு அமிலத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடத்தில்தான் உண்மையான முரண் இருக்கிறது. ராணுவ உணவு நீண்ட காலம் கெடாமல் இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் எம்.ஆர்.இ. என்ற தயார் உணவுப் பொட்டலம் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸில் 3 ஆண்டும் 38 டிகிரியில் 6 மாதமும் தாங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நமக்கு ஒரு பக்கம் ராஜஸ்தான் வெயில், இன்னொரு பக்கம் சியாச்சின் பனி. எண்ணெயைக் காறல் பிடிக்க வைப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன், அது தாக்கும் இடம் இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஒலெயிக் அமிலத்தைவிட லினோலெயிக் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கெடும். லினோலெனிக் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம். எந்த அமிலம் வீரருக்கு மிகவும் தட்டுப்பாடோ அதுதான் கிடங்கில் முதலில் கெடுகிறது.

எண்ணெய்த் தொழிலும் இதே காரணத்துக்காகப் பல ஆண்டுகள் எதிர்த்திசையில் நடந்தது. லினோலெயிக்கை லினோலெனிக் ஆக்கும் மரபணுவின் பெயர் எஃப்.ஏ.டி.3. 1980களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆளியின் மரபணுக்களில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, எண்ணெயில் பாதிக்கு இருந்த லினோலெனிக்கை 2 சதவீத அளவுக்குக் குறைத்தார்கள். லினோலா என்று விற்பனைக்கு வந்தது. சோயாவிலும் லினோலெனிக் குறைந்த வகைகள் வந்தன. இந்தியாவில் 2020இல் வந்த கிர்னார் 4, கிர்னார் 5 என்ற நிலக்கடலை வகைகளில் ஒலெயிக் 80 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. கடலை மிட்டாய் பல மாதம் காறாது. சேமிப்புக்கு இது பெரிய உதவி, பொட்டலத்துக்கு ஏற்ற கடலை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கெடாத எண்ணெயை மட்டுமே தேடிப் போனால் ரேஷனில் ஒமேகா-3 இன்னும் ஒதுங்கிவிடும்.

மறுபக்கமும் ஆட்கள் உழைக்கிறார்கள். கடல் பாசியின் மரபணுக்களைச் சேர்த்து, விதையிலேயே டி.எச்.ஏ. செய்யும் கனோலாவுக்கு 2018இல் ஆஸ்திரேலியா அனுமதி கொடுத்தது. மீன் எட்டாத இடத்தில் இருக்கும் படைக்கு இதன் பயன் வெளிப்படை. அமெரிக்காவில் 2009 அக்டோபரில் வீரருக்கான ‘ஊட்டக் கவசம்’ என்ற தலைப்பிலேயே ஒமேகா-3 பற்றி ஒரு மாநாடு நடந்தது. தற்கொலை செய்துகொண்ட அமெரிக்க வீரர்கள் 800 பேரின் இரத்த மாதிரிகளை அதே எண்ணிக்கையிலான மற்ற வீரர்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வந்தது. டி.எச்.ஏ. குறைவாக இருந்தவர்களிடம் அந்த ஆபத்து கூடுதலாகக் காணப்பட்டது. தொடர்பு இருப்பதை அது காட்டியது. குறைவுதான் காரணம் என்று அது நிறுவவில்லை, எண்ணெய் மாத்திரை மனச்சுமைக்கு மருந்து என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு வேண்டும்? உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் மொத்த ஆற்றலில் குறைந்தது 0.5 சதவீதம் இருக்க வேண்டும் என்கின்றன. கடும் பணியில் 4000 கலோரி செலவழிக்கும் வீரருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 2.2 கிராம். கிட்டத்தட்ட 10 கிராம் ஆளி விதையில் அவ்வளவும் இருக்கிறது. வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் ஆளிச் சட்னிப் பொடியில் இரண்டு ஸ்பூன். உயரமான இடங்களில் பசி குறைந்து தட்டில் பாதி மிச்சமாகும் என்பதால், இப்படிச் சிறிய அளவில் காரமாக உள்ளே போவது ஒரு வசதி.

ரேஷனில் ஆளியை எண்ணெயாக அனுப்புவதைவிட விதையாக அனுப்பலாம் என்பது என் எண்ணம். தோல் உடையாத விதைக்குள் காற்று எளிதில் போகாது, அதனால் பல மாதம் தாங்கும். மெஸ்ஸில் வாரத்துக்கு ஒரு முறை வறுத்து அரைத்தால் போதும். அரைக்காமல் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்.

பெங்களூரில் வாங்குகிறவர்களுக்குப் பெயர்க் குறிப்பு ஒன்று. கன்னடத்தில் ஆளிக்கு அகசெ என்று பெயர், அகத்திக்கும் அதே பெயர்தான். கீரைக்காரம்மாவிடம் அகசெ கேட்டால் அகத்திக்கீரை வரும், மளிகைக் கடையில் கேட்டால் விதை வரும். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்றால் சில சமயம் ஹலீம் என்கிற சிறிய செந்நிற விதையை எடுத்துத் தருவார்கள். அது வேறு செடி. நீங்கள் கேட்பது தட்டையாக, பழுப்பாக, பளபளவென்று இருக்கும்.