ஆன்மிகம்: உளச்சிகிச்சையில் இச்சொல்லின் பொருள்

‘ஆன்மிகம்’ என்பது ‘ஆத்மன்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. உளச்சிகிச்சைத் துறையில் இது ‘ஸ்பிரிச்சுவாலிட்டி’ என்பதற்கு ஈடாக வழங்குகிறது. அதன் வேரான ‘ஸ்பிரித்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூச்சு என்பதே முதற்பொருள். மூச்சையும் உயிரையும் ஒருங்கே சுட்டும் தமிழ்ச்சொல் ‘ஆவி’. ஆயினும், மட்டக்களப்பில் ஆவி என்றதும் பேயே நினைவுக்கு வருவதாலும், சிறுவயதில் துன்புறுத்தப்பட்ட ஒருவர் பழைய நினைவு கிளர்ந்து தன்னிலை மறந்து உறைந்துபோவதைப் பேய்க்குணம் என்று கருதி நூல் கட்டக் கூட்டிச்செல்வோர் இன்றும் இருப்பதாலும், சிகிச்சை அறைக்கு அது பொருந்தாது. ‘சமயம்’ என்பதும் போதாது. கோயிலையோ பள்ளிவாசலையோ விட்டு விலகியவருக்கும் தம்மைத் தாங்கும் ஏதோவொன்று உண்டு. அதனைப் ‘பற்றுக்கோடு’ என்பதே என் தெரிவு. “இவ்வளவு காலமும் எதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தீங்க?” என்று உளவளத்துணையாளர் கேட்டால், களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும் எவருக்கும் விளங்கும்.

1994இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது வகைப்பாட்டு நூலில் ‘சமய அல்லது ஆன்மிகப் பிரச்சினை’ என்பதை, நோயாக அன்றிச் சிகிச்சையில் கவனிக்க வேண்டிய நிலையாகச் சேர்த்தது. சிறுவர் துன்புறுத்தலிலிருந்து மீண்டு வளர்ந்தோரிடம் இந்நிலை ஆழமானது. துன்புறுத்தியவர் பெரும்பாலும் பிள்ளை நம்பிய ஒருவர். சில வேளை தேவாரமோ ஜெபமோ சொல்லிக்கொடுத்தவரே அவர். தகப்பனால் காயப்பட்டவருக்கு இறைவனை ‘அப்பனே’ என அழைக்க நா எழாது. “அப்போது கடவுள் எங்கே இருந்தார்?” என்ற கேள்விக்குச் சிகிச்சையாளர் விடை சொல்வதில்லை, அக்கேள்வியைக் கோபத்தோடும் கண்ணீரோடும் கேட்க இடம் தருகிறார். மன்னிக்கும்படி அவசரப்படுத்துவது, என் கருத்தில், இரண்டாவது காயம்.

கோபத்துக்கு முதலில் இடம் தரும் இவ்வுணர்வு எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில், அநீதிக்கு எதிராக அவள் அரசவையில் உரைத்த வழக்கு பாடப்படுகிறது. அம்மனின் சினத்தைக் குளிர்விக்கும் சடங்கான குளிர்த்தி நடப்பது அதன் பின்னரே. முதலில் சினம் கேட்கப்படுகிறது, பிறகு தணிக்கப்படுகிறது. சிகிச்சை நடக்க வேண்டிய வரிசையும் அதுவே, அதற்கும் முன்னர் இன்றைய வாழ்வில் பாதுகாப்பு உறுதியாக வேண்டும் என்பது மட்டுமே மேலதிகம். சிகிச்சையாளர் தம் சமயத்தைப் புகுத்துவதோ சடங்கைப் பரிந்துரைப்பதோ இச்சொல்லின் பொருளில் அடங்காது. பூசகரையோ மௌலவியையோ பாதிரியாரையோ காண்பது மீண்டுவந்தவர் தாமே விரும்பினால் மட்டும், அவர் நம்பும் ஒருவரிடம், அவர் குறிக்கும் நேரத்தில் நிகழ வேண்டியது.