சட்டர் ஸ்பீட்: கதவும் இல்லை, வேகமும் இல்லை

யாழ்ப்பாணத்தில் சட்டர் என்றதும் கடைதான் நினைவுக்கு வரும். "நேரமாச்சு, சட்டரை இழுத்து விடு" என்று இரவில் கஸ்தூரியார் வீதியில் கேட்கிற அதே சொல்தான் கமராவுக்குள்ளும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷட்' என்றால் மூடு, பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளைத் தள்ளிப் போடுவது. ஆரம்பத்தில் படம் எடுத்தவர்களுக்குச் சட்டரே பெரிதாகத் தேவைப்படவில்லை. தகட்டில் ஒளி பதிய அவ்வளவு நேரம் எடுத்ததால், லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, எண்ணிவிட்டு, திரும்பப் போட்டார்கள். 1870களுக்குப் பிறகு சட்டென்று பதியும் உலர்தகடுகள் பரவியபோதுதான் கைக்குப் பிடிபடாத அந்தச் சிறு நேரத்தைத் திறந்து மூட ஒரு பொறி கட்டாயமானது.

வீட்டு வீடியோ கமராவில் அந்தக் கதவு கிடையாது. ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒளியை உணரும் சென்சர் எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்கிறது என்பதைத்தான் 'சட்டர் ஸ்பீட்' என்கிறார்கள். 1/50 என்றால் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு. இது நேரம், வேகமில்லை. ஆக 'சட்டர் வேகம்' என்று பாதி மொழிபெயர்ப்பது இரட்டைப் பிழை. 'திறப்பு நேரம்' சரியாக வரும்போல இருக்கும், ஆனால் எங்கள் ஊரில் திறப்பு என்றால் சாவி! ஜேர்மன்காரர் 'ஒளிபடும் நேரம்' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நானும் 'ஒளிபடு நேரம்' பக்கம்தான்.

ஏன் இதற்கு இவ்வளவு சண்டை? மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த கமராவில் ஒரு சாமத்திய வீட்டை எடுத்தேன். போட்டுப் பார்த்தால் மண்டபம் முழுக்க மின்னி மின்னித் துடிக்கிறது. கமரா பழுது என்றார்கள். பழுது இல்லை. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று; ஒரு சுற்றுக்கு இரண்டு தடவையாக, பழைய ரியூப் லைற் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கனடாக் கமரா தன் பழக்கத்தில் 1/60 வைத்திருந்தது, அதற்குள் ஒன்றேமுக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அடங்கும், அதனால் ஒவ்வொரு பிரேமுக்கும் வேறு அளவு ஒளி. 1/100 வைத்தேன், ஒரு முழுத் துடிப்பு, மினுக்கம் போய்விட்டது. ஆனால் ஒளி ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்ததால் கமரா தானே கெயினை, அதாவது சென்சரின் சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டி, மாமியின் பட்டுச் சேலையெங்கும் பொரிமாத் தூவினமாதிரிப் புள்ளி.

எக்ஸ்போஷரை 'வெளிப்பாடு' என்கிறார்கள். லத்தீனில் வெளியே வைத்தல் என்ற பொருள், மூலத்துக்கு நேர்தான். ஆனால் தமிழில் வெளிப்பாடு என்றால் உணர்ச்சியல்லவா வெளிப்படுகிறது? 'ஒளிபடுகை' போதும். ஒளிபடு நேரம், லென்ஸ் துளை, கெயின் மூன்றும் சேர்ந்துதான் படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. பல வீட்டுக் கமராக்களில் எக்ஸ்போஷர் என்று இருக்கும் பொத்தான் துளையையும் கெயினையும்தான் அசைக்கும், ஒளிபடு நேரத்தைத் தொடாது.

நல்லூர்த் தேரன்று வெள்ளை மணலையும் வெள்ளை வேட்டிகளையும் கண்டு கமரா மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், முகங்கள் கருகும். அப்போது அந்தப் பொத்தானைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெயில் ஏறியபின் 1/50 வைத்தால் எல்லாம் வெளுத்துப்போகும், 1/1000 வைத்தால் வடம் பிடிப்பவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு என்டி பில்டரை, அதாவது கறுப்புக் கண்ணாடியை, மாட்டிவிட்டு 1/50இலேயே எடுங்கள்.