‘சாதனக் கைரேகை’ அன்று, ‘அடையாளக் கோவை’

காரைக்குடியில் கல்லூரிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணினி வலையமைப்பைப் பராமரிப்பவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றில், ‘தனிப்பயனாக்கப்பட்ட சாதனக் கைரேகைகளை உருவாக்குதல்’ என்ற தலைப்பை மறுபடியும் கண்டேன். ‘டிவைஸ் ஃபிங்கர்பிரின்ட்’ என்பதற்குப் பலரும் இப்படியே எழுதத் தொடங்கிவிட்டதால், இது ஏன் பிழை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வலையமைப்பில் இணைய வரும் கருவி கணினியா, கைபேசியா, அச்சுப்பொறியா, கேமராவா என்பதை எதை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் அணுகல் கட்டுப்பாட்டு மென்பொருள் அறிய உதவும் கூறுகளின் தொகுப்பே இங்கே பேசப்படுவது. கருவியின் வலையமைப்பு வன்பொருளுக்கு இடப்படும் 48 பிட் மேக் முகவரியின் முதல் 24 பிட் பொதுவாகத் தயாரிப்பாளரைக் காட்டும். வலையமைப்பில் தனக்கென ஓர் ஐ.பி. முகவரி கேட்டுக் கருவி அனுப்பும் செய்தியே டி.எச்.சி.பி. கோரிக்கை; அதன் 55ஆம் ‘விருப்பம்’ (ஆப்ஷன்) என்ற பகுதியில், தனக்கு வேண்டிய விவரங்களைக் குறிக்க அது தரும் 1, 3, 6, 15 போன்ற எண்களும் அவற்றின் வரிசையும் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். 60ஆம் விருப்பம் விற்பனையாளர் வகையைச் சொல்லும்.

‘ரேகை’ வடசொல், கோடு என்று பொருள். வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை; பொருள் பொருந்தாததால் மறுக்கிறேன். கைரேகை ஒருவருக்கே உரியது, ஆயுள் முழுதும் மாறாதது. இந்தத் தொகுப்போ, ஒரே மாதிரியான ஆயிரம் அச்சுப்பொறிகளுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். மேக் முகவரியை எவரும் மாற்றிக்கொள்ளலாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாகக் கைபேசிகளே வலையமைப்புக்கு ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. பள்ளிச் சான்றிதழில் எழுதும் அங்க மச்ச அடையாளம் போன்றதே இது: ஆளை ஊகிக்க உதவும், ஐயமற நிறுவாது. ‘கைரேகை’ என்று படித்த நிர்வாகி, அச்சுப்பொறி என்று காட்டிக்கொள்ளும் எந்தக் கருவியையும் நம்பி உள்ளே விட்டுவிடுவார் என்பதே என் அச்சம். போதாக்குறைக்கு, அலுவலக வாசலில் வருகை பதியும் எந்திரத்துக்கும் ‘கைரேகைச் சாதனம்’ என்றுதான் பெயர். அந்தக் குறிப்பின் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்து, படிப்பவரைத் திணறடிக்கின்றன. ‘விரற்பதிவு’ என்று மாற்றினாலும் விரல் போகவில்லை. கருவிக்கு ஏது விரல்? சொல்லைப் பெயர்ப்பவர்கள் அது செய்யும் வேலையைப் பார்ப்பதேயில்லை.

‘அடையாளக் கோவை’ என்பதே என் பரிந்துரை. கோத்தலிலிருந்து வந்தது கோவை; கோப்பும் அதன் உறவே. 55ஆம் விருப்பத்தில் எண்களைப் போலவே அவற்றின் வரிசையும் முக்கியம் என்பதால், வெறும் ‘தொகுப்பு’ என்பதைவிட இது பொருந்தும். கோயம்புத்தூருடன் குழம்பும் என்பவர்களுக்கு, முன்னால் நிற்கும் ‘அடையாள’மே விடை.

‘தனிப்பயனாக்கப்பட்ட’ என்ற நெடுஞ்சொல்லும் தேவையில்லை. கண்டாங்கிச் சேலைக் கடையின் பில் எந்திரத்தை மென்பொருள் வெறும் ‘லினக்ஸ்’ என்று அதன் இயங்குதளத்தை மட்டும் காட்டும்போது, நிர்வாகி அதன் டி.எச்.சி.பி. கோரிக்கையைப் பார்த்து எண்வரிசையைக் குறித்து, ‘பில் எந்திரம்’ என்று பெயரிட்டுச் சேர்க்கிறார். அதைச் ‘சொந்த அடையாளக் கோவை வகுத்தல்’ என்று எழுதலாம்.