ஃபிரிட்டிலரி: அல்லியும் அன்று, காந்தளும் அன்று

ஃபிரிட்டிலரி என்பது ஃபிரிட்டிலேரியா பேரினத்தைச் சேர்ந்த, மணியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போலப் பூக்கும் செடிகளின் பொதுப்பெயர். வடகோளத்தின் குளிர்ந்த நாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இமயமலையிலும் சில உண்டு. பொதிகைச் சரிவில் இது முளைப்பதில்லை என்பதால், திருநெல்வேலிச் சீமையில் இதற்கென்று ஊர்வழக்குப் பெயர் எதுவும் இல்லை.

சொல்லின் வேர் ‘ஃபிரிட்டில்லஸ்’ என்னும் இலத்தீன் சொல்; சூதுக்காய்களை இட்டுக் குலுக்கும் சிறு குவளை என்பது அதன் பொருள். நம் பக்கத்துத் திண்ணைகளில் தாயம் ஆடுகிறவர்கள் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டுவார்களே தவிரக் குவளையில் இட்டுக் குலுக்குவதில்லை. எனவே அந்தப் பொருளுக்கே நம்மிடம் தனிச்சொல் வாய்க்கவில்லை. அச்சொல்லை ஆடுபலகை என்று பிற்காலத்தார் பிழையாகக் கொண்டு, இதழில் கட்டம் போட்டிருக்கும் பூவுக்குச் சூட்டினர் என்பதே பெரும்பாலும் கூறப்படும் விளக்கம். அந்தக் கட்டங்களுக்குப் பேர்போன ஐரோப்பிய இனம் மெலியாகிரிஸ். ஈரப் புல்வெளியில் வளரும் அதன் இனப்பெயருக்குக் கினிக்கோழி என்று பொருள். ஊதாவும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் அதன் இதழ், கட்டம் போட்ட சேலையின் முந்தானையை ஒத்திருக்கும்.

இமயமலை இனங்களைப் பிரித்தறிவதற்குப் பூவைவிட இலையே துணை. களக்காட்டு மலையடிவார வேலிகளில் ஏறும் செங்காந்தளின் இலைநுனி சுருண்டு கொம்பைப் பற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிரோசா என்னும் இனத்தில் மேலிலைகளின் நுனி அவ்வாறே பற்றுக்கம்பியாகச் சுருளும். ராய்லி இனத்தில் நுனி கூர்மையாக நீண்டு, சுருளாமல் நிற்கும். இரண்டின் பூவும் மஞ்சள் கலந்த பச்சையில் ஊதாக் கட்டம் கொண்டது என்பதால், இரண்டையும் ஒன்றென்றே கருதுவோரும் உண்டு. காஷ்மீர்ப் பக்கம் வளரும் இம்பீரியாலிஸ் இனத்தில் குழப்பத்துக்கு இடமில்லை: தடித்த தண்டின் உச்சியில் இலைக்கொத்து, அதன்கீழ் வளையமாகத் தொங்கும் செம்மஞ்சள் பூக்கள், ஒவ்வோர் இதழின் அடியிலும் கண்ணீர்த் துளி போல நிற்கும் தேன்.

தமிழில் இதனை எப்படி வழங்குவது? லில்லிக் குடும்பம் என்றதும் ஒலியொப்புமையால் ‘அல்லி’ என்று எழுதிவிடுகிறார்கள். அல்லி குளத்தில் கிடக்கும் நீர்ப்பூ; லில்லிக்கு உறவே இல்லை. ‘காந்தள்’ என்பது அதைவிட நெருக்கம்தான், ஆனால் காந்தளையும் தாவரவியலார் இப்போது லில்லிக் குடும்பத்திலிருந்து பிரித்து வேறு குடும்பத்தில் வைத்திருக்கின்றனர். தோண்டிப் பார்த்தாலும் வேற்றுமை தெரியும்: காந்தளுக்குக் கலப்பை போல வளைந்த கிழங்கு, அதனாலேயே அது கலப்பைக்கிழங்கு, ஃபிரிட்டிலரிக்கோ பூண்டுப் பற்கள் போன்ற சில தடித்த செதில்கள் சேர்ந்த குமிழ்.

ஆகவே வடிவையும் கோலத்தையும் சேர்த்துக் ‘கட்டமணிப்பூ’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து. இம்பீரியாலிஸ் பூவில் கட்டம் இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். அந்தக் குறை இலத்தீன் பெயருக்கும் உண்டு. அந்த ஓர் இனத்தை மட்டும் ‘முடிமணிப்பூ’ எனத் தனியே குறித்துக்கொள்ளலாம்.