இருட்டிய பிறகு வந்து வெளிச்சம் தேடாதீர்கள்

போன வாரம் ஸ்டுடியோவுக்கு ஒரு தம்பி வந்தார். கால் கட்டைவிரலில் கட்டு, கையில் மெமரி கார்டு. "அண்ணே, இதுல உள்ளதையெல்லாம் கொஞ்சம் பிரைட் பண்ணிக் குடுங்க" என்றார். சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். தஞ்சாவூர் பெரிய கோயில் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. முன்னால் கொஞ்சம் தரை வெளிச்சமாக இருக்கிறது, அதற்கப்பால் கன்னங்கரேல். அடுத்தது கும்பகோணத்துப் படித்துறை. நண்பர் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கிறது, பின்னால் ஆற்றையும் காணோம், வானத்தையும் காணோம். கடைசிப் படம் சாய்ந்து கிடந்தது: ஒரு படிக்கல், பாதிச் செருப்பு. அதை எடுக்கும்போதுதான் வழுக்கி விழுந்திருக்கிறார். தண்ணீர் முழங்கால் அளவு இருந்ததால் கட்டைவிரலோடு போயிற்று.

இந்த ஆடியில் மட்டும் இப்படி வருகிற மூன்றாவது ஆள் இவர். ஒவ்வொருவருக்கும் கடையில் உட்கார்ந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த ஃபிளாஷ். "இருட்டா இருந்துச்சு, அதான் ஃபிளாஷ் போட்டேன்." இருபது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேமரா தலையில் எழும்பி நிற்கிற அந்தக் குட்டி ஃபிளாஷ் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 4 வைத்தால் பத்தடிதான் ஒழுங்காகப் போகும். செல்போன் விளக்கு ஐந்தாறு அடி போனாலே பெரிது. தூரம் இரண்டு பங்கானால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைக்கிறோம். இல்லை, கால் பங்காகும். இருபதடியில் கால், நாற்பதடியில் பதினாறில் ஒன்று. ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அந்த விமானம் இருநூறு அடிக்கு மேல் உயரம். அது முழுசாக ஃபிரேமுக்குள் வர நீங்கள் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். இருநூறு அடியில் உங்கள் ஃபிளாஷ் நானூறில் ஒரு பங்கு. வீட்டு வாசலில் நின்று டார்ச் அடித்துப் பக்கத்து ஊர்க் கோபுரத்தைத் தேடுகிற கதைதான்.

அது உதவாது என்பதோடு விட்டாலும் பரவாயில்லை, கெடுக்கவும் செய்கிறது. ஆட்டோவில் ஃபிளாஷைத் திறந்ததும் பெரும்பாலான கேமராக்கள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/60 செகண்ட் அளவில் நிறுத்திக்கொள்ளும். அந்தி வானத்துக்கு அந்த நேரம் போதாது. எதிரில் இருக்கிற ஆள் மட்டும் படத்தில் விழுவார், மிச்சமெல்லாம் கறுப்பாகிவிடும். கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த நீலம் படத்தில் ஏன் வரவில்லை என்றால், நீங்களே அதை அணைத்துவிட்டீர்கள். கறுப்பாகப் பதிந்ததை "பிரைட்" பண்ணச் சொன்னால் புள்ளி புள்ளியாக மணல்தான் வரும். பதியாத வெளிச்சத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

ஃபிளாஷ் எனக்குச் சோறு போடுகிற பொருள். கல்யாண மண்டபத்தில் அதைக் கூரையில் அடித்துத் திருப்பித்தான் முகத்தில் விழவைப்போம். ஆற்றங்கரையில் எந்தக் கூரையில் அடிப்பீர்கள்? சுவாமி புறப்பாட்டில் கற்பூரம் காட்டும்போது பத்துப் பேர் ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கற்பூர வெளிச்சம் ஒருவர் படத்திலும் இருக்காது. எதிரே நாயனம் வாசிக்கிறவருக்குக் கண் கூசுவது தனி. கோயில் யானை முகத்தில் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சரி, அப்படியென்றால் எப்போது எடுப்பது? வானம் கறுத்த பிறகு எடுத்தால்தான் இரவுப் படம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நாங்கள் கறுப்பு வானத்தை முடிந்தவரை எடுக்கவே மாட்டோம். சூரியன் இறங்கிக் கால் மணி கழித்து, வானத்து நீலமும் கோபுரத்து விளக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். அதற்குமுன் விளக்கு தெரியாது, அதற்குப்பின் வானம் இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு "நீல நேரம் ஒரு மணி நேரம் இருக்குமாமே" என்று கேட்கிறார்கள். அவர்கள் ஊரில் இருக்கும். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து மெல்ல இறங்கும். லண்டன் பக்கம் ஜூனில் சூரியன் மறைந்து முக்கால் மணிக்கு மேலும் வெளிச்சம் இழுக்கும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். இங்கே கிணற்றில் கல் போட்ட மாதிரி விழும். இருபத்தோரு இருபத்திரண்டு நிமிஷத்தில் நல்ல வெளிச்சம் முடிந்தது. கும்பகோணத்தில் ஜூன் கடைசியில் 6.35 வாக்கில் மறைகிற சூரியன் நவம்பர் நடுவில் 5.45-க்கே போய்விடும். போன தடவை ஏழு மணிக்கு வந்தேனே என்று ஐப்பசியில் வந்து நிற்காதீர்கள்.

நிலா வேண்டுமா? பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். சூரியன் மறையும்போதே கிழக்கில் கொஞ்சம் ஏறி நிற்கும், வானமும் மிச்சம் இருக்கும். பௌர்ணமியன்று ஒன்பது மணிக்கு எடுத்தால் நிலாவுக்குப் பதில் வெள்ளைப் பொட்டுதான். நிலா என்பது வெயிலில் கிடக்கிற பாறை, அதைப் பகல் பொருளைப் போல எடுக்க வேண்டும்.

மற்றபடி பெரிய வித்தை இல்லை. ஆடாமல் இருந்தால் போதும். அந்த நேரத்தில் ஐஎஸ்ஓ 800 வைத்தாலும் ஷட்டர் 1/15, 1/10 என்று இறங்கிவிடும், கையில் நிற்காது. டிரைபாடில் வைத்து இரண்டு செகண்ட் டைமர் போடுங்கள். பெரிய கோயிலும் தாராசுரமும் தொல்லியல் துறைப் பொறுப்பில் இருப்பவை, டிரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். காவலரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை அசையாமல் வையுங்கள். சிற்பத்தின் மேல் வைக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். செல்போன் என்றால் இரவு மோடில் மூச்சைப் பிடித்து மூன்று செகண்ட் அசையாமல் நில்லுங்கள், விரலால் இழுத்துப் பெரிசாக்காதீர்கள்.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். தாமதமாக வருகிறவர்கள்தான் விழுகிறார்கள். தரையைப் பகலில் பார்த்திருக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே ஒரு ஃபிளாஷ் அடித்ததும் கண் கொஞ்ச நேரம் குருடாகும். அந்த நேரத்தில்தான் "இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று யாராவது சொல்வார்கள். படித்துறையில் தண்ணீர் தொடுகிற படிகளெல்லாம் பாசி. மூழ்கிய படிகளில் எது இருக்கிறது, எது பெயர்ந்துவிட்டது என்று தினம் குளிக்கிறவருக்குத்தான் தெரியும்.

என் தொழில்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அவுட்டோர் ஷூட்டில் மணப்பெண்ணை "ஒரே ஒரு படி கீழே இறங்குங்கம்மா" என்று கேட்காதீர்கள். நனைந்த பட்டுப்புடவையோடு தண்ணீரில் விழுந்தவரைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவப்பட்டால்தான் தெரியுமா?

கொள்ளிடத்து மணல் திட்டில் நின்று சூரியன் மறைவதை எடுக்கிறவர்களே, மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அங்கே உபரி என்று செய்தி படித்த அன்று இங்கே ஆறு காய்ந்துதான் கிடக்கும். காவிரி பிரிகிற முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் திருப்பிவிட்டால் மணலுக்குள் சத்தமில்லாமல் ஏறும். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற பள்ளந்தான் முதலில் நிரம்பும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மேற்கே, பள்ளம் இருப்பது முதுகுக்குப் பின்னால். தண்ணீர் வருகிறது என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

நாற்று நடுமுன் தண்ணீர் கட்டிய வயலில் அந்தி வானம் விழுவதைப் போல ஒரு படம் இந்த டெல்டாவை விட்டால் எங்கே கிடைக்கும்? நானே வருஷாவருஷம் போகிறேன். ஆனால் வரப்பில் எலி வளை உண்டு, எலி இருந்தால் கண்ணாடி விரியனும் உண்டு. முழு ஷூ, கையில் டார்ச், காலை அழுத்தி வைத்து நடை. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி.

அந்தத் தம்பியிடம், "நாளைக்கு அஞ்சரைக்கு வாங்க, அதே படித்துறைக்குப் போவோம்" என்றேன். வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே எந்தப் படி ஆடுகிறது என்று காலால் தட்டிப் பார்த்தோம். மேல்படியில் டிரைபாடை ஊன்றினோம். 6.35-க்குச் சூரியன் போயிற்று, அவர் உடனே மூட்டை கட்டப் பார்த்தார். "உட்காருங்க" என்றேன். பிள்ளையார் மாடத்தில் ஒரு அம்மா விளக்கேற்றிவிட்டுப் போனார். 6.50-க்கு எடுத்த படத்தில் அந்தச் சுடர், தண்ணீரில் அதன் நிழல், எதிர்க்கரைத் தென்னை, மேலே நீலம், எல்லாம் இருந்தன. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டார். என் டார்ச்சில்தான் இரண்டு பேரும் படியேறினோம்.