வார்டு: வட்டமா, வட்டாரமா, குடும்பா?

உள்ளாட்சி 'வார்டு'க்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் எது? வேலூரில் 'வார்டு' என்றதும் பலருக்கு மருத்துவமனைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த வார்டு, தொரப்பாடி மத்தியச் சிறையின் வார்டர், காட்பாடி ரயில் நிலையத்தில் 2022 வரை வழங்கிய பதவிப் பெயரான 'கார்டு' (guard), மாநகராட்சி வார்டு எல்லாமே ஒரு வேரில் கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வேருக்குக் காவல் என்று பொருள். அதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சு மொழி வழியாகச் சுற்றி வந்ததால் 'கார்டு' ஆனது. காவலுக்காகப் பிரிக்கப்பட்ட நகரப் பகுதிக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர், நகராட்சி நிர்வாகத்தோடு இங்கே வந்து சேர்ந்தது.

இன்று அதற்குப் பொருள், ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் பரப்பு. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். 2022 பிப்ரவரி 19 தேர்தலில் நகரவாசிக்கு ஒரே ஓட்டு, அதுவும் வார்டு உறுப்பினருக்கு. மேயரைத் தேர்ந்தெடுத்தது அந்த உறுப்பினர்கள்தான். அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்துக் கிராமங்களில் கணக்கே வேறு. 2021 அக்டோபர் ஊரகத் தேர்தலில் அங்கே ஒருவருக்கு நான்கு ஓட்டு. ஊராட்சித் தலைவரை விட்டுவிட்டால் கிராம ஊராட்சி வார்டு, ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு என ஒரே வீட்டுக்கு மூன்று வார்டு எண்கள்! 'நீங்கள் எந்த வார்டு?' என்று பொதுவாகக் கேட்டால் கிராமத்தில் யார் என்ன பதில் சொல்ல முடியும்?

சொத்து வரி ரசீதில் வார்டு எண் இருப்பதால், அந்தப் பணம் அந்த வார்டுக்கே உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அரையாண்டுக்கொரு முறை கட்டும் சொத்து வரியும் தொழில் வரியும் மாநகராட்சியின் பொதுக் கருவூலத்துக்குப் போகின்றன. மாநில நிதிக்குழுப் பகிர்வும் மத்திய நிதிக்குழு மானியமும் அவற்றோடு சேரும். கிராமத்தில் வீட்டு வரி கிராம ஊராட்சிக்கு. மாவட்ட ஊராட்சிக்கோ வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது, மானியம்தான். ஆக, வார்டு என்பது ஓட்டின் எல்லை. வரவு செலவின் எல்லை அன்று.

இனி தமிழ்ச் சொல். 'வட்டம்' என்றால் வருவாய்த் துறை சண்டைக்கு வரும். காட்பாடி வட்டம், குடியாத்தம் வட்டம் என்று தாலுகாவுக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இலங்கைத் தமிழர் வார்டை 'வட்டாரம்' என்கிறார்கள். அழகான சொல், ஆனால் நமக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறாரே. 'கோட்டம்' வருவாய்க் கோட்டாட்சியரிடம் மாட்டிக்கொண்டது. 'பகுதி'யோ இன்னும் வேடிக்கை: அரசின் பகுதி சபை வார்டுக்கு உட்பட்டது; கட்சிகளின் பகுதிச் செயலாளருக்குக் கீழே பல வார்டுகள்.

பழைய சொல் ஒன்று உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலுக்காக ஊரை முப்பது 'குடும்பு'களாகப் பிரித்ததைச் சொல்கிறது. பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று '25-வது குடும்பு' என்று சுவரொட்டி அடித்தால், எழுத்துப் பிழை என்று யாராவது 'குடும்பம்' ஆக்கிவிடுவார்கள்.

என் தேர்வு வட்டம்தான். மாநகரங்களில் கட்சிக்காரர்கள் 'வட்டச் செயலாளர்' என்று வார்டுப் பொறுப்பாளரைத்தான் குறிக்கிறார்கள். சுவரிலும் நோட்டீசிலும் அது பழகிவிட்டது. தாலுகாவோடு குழப்பம் வராமலிருக்க 'மாநகராட்சி 25-வது வட்டம்' என்று எழுதினால் போதும். ஊரகத்துக்கு மட்டும், மூன்று அடுக்குகளையும் பிரித்துக் காட்டும் சொற்கள் கிடைக்கும்வரை, வார்டே இருக்கட்டும்.